காலின்கீழ்க் கிடக்கும் கல்

ஏற்காட்டுக்குச் சென்று மீண்டவரை, “ஆங்கு யாது கண்டீர்?” என்று வினவினால் ஏரியைச் சொல்வர்; படகைச் சொல்வர்; காப்பித் தோட்டத்தையும் ஆரஞ்சுப் பழத்தையும் மூடுபனியையும் சொல்வர்; சற்றே கால்வலிமை உடையவராயின் கிளியூர் அருவியையும் சொல்வர். இவையெல்லாம் எதன்மேல் நிற்கின்றனவோ அதனைச் சொன்னார் ஒருவரையும் யான் இதுகாறும் கண்டிலேன். மலைக்குப் போனோம் என்பார். மலையைக் கண்டோம் என்னார். மலையென்பது கல்லன்றோ? “நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்” என்னும் பழமொழியை நாம் எதற்கெதற்கோ எடுத்து வழங்குகின்றோம். சேர்வராயன் மலையைப் பொறுத்தவரையில் நாம் நாயையே கண்டு வருகின்றோம். கல்லை இன்னும் காணவில்லை.

பிறரைக் குறை கூறுமுன் என் குறையைச் சொல்லிவிடுதல் நேர்மையாம். யான் மாணாக்கனாயிருந்தபோது பாறைகளையும் கனிப்பொருள்களையும் ஒரு மரப்பெட்டியிற் கற்றேன். பெட்டியில் நாற்பது அறைகள்; அறைக்கொரு துண்டு; துண்டுக்கொரு இலக்கம். அவற்றுட் பாதிக்குமேற் கடல் கடந்து வந்தவை. பரீக்ஷைக்கு முந்திய இரவில் இலக்கங்களை நெட்டுருப் பண்ணினோம். பதினேழாம் துண்டுக்கு ஒரு மூலை உடைந்திருக்கும். உடைந்த மூலையைக் கண்டவுடன் ‘சார்னோக்கைட்’ என்று எழுதிவிடுவோம். மதிப்பெண் குறைவின்றிக் கிடைத்தது; உபாத்தியாயரும் மகிழ்ந்தார்.

அதற்குப் பின் சில ஆண்டுகள் கழித்து ஒரு மழைக்கால முடிவில் கிளியூருக்குச் சென்றேன். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் பள்ளத்தாக்கில் இறங்கி, ஏறக்குறைய 300 அடி உயரத்தினின்றும் பாறை முகத்தின்மேல் வீழுமிடமே இவ்வருவி. கோடையிற் சென்றார்க்கு ஈரக் கோடு ஒன்றே தென்படும். மழை பெய்து ஓய்ந்தபின் சென்றார்க்கு அதன் ஓசை பாதி வழியிலேயே கேட்கும். செங்குத்தான வழியில் இறங்கி, அடியில் ஒரு பெரும்பாறையின்மேல் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தேன். துணைக்கு வந்திருந்தவர் மலையடிவாரத்திற் கல்லுடைக்கும் முதியவர் ஒருவர். “இஃதென்ன கல், பெரியவரே?” என்று கேட்டேன். “கருங்கல்தானுங்க ஐயா. ஆனால் வெறுங் கருங்கல் இல்லைங்க. உடைத்தால் உள்ளே நீலம் ஓடும். உளி சீக்கிரம் மழுங்கிப்போகும்” என்று சொல்லிக் கையிலிருந்த சம்மட்டியால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். மணி அடித்தாற்போல ஓசை எழுந்தது. சில்லு ஒன்று தெறித்தது. எடுத்துப் பார்த்தேன். வெளிப்புறம் மழையும் வெயிலும் தின்ற பழுப்பு. உட்புறம் நீலமும் பச்சையுங் கலந்த கருஞ்சாம்பல் நிறம், எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பு. அதுவே பதினேழாம் இலக்கம்! மூலை உடையாதிருந்தமையால், ஒரு நாழிகை அதன்மேலேயே அமர்ந்திருந்தும் யான் அதனை அறிந்திலேன்.

அச்சில்லை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். ஒரு கையிற் கல்லும் மறு கையிற் புளியோதரையும் இருந்தபடியால், உவமைக்கு யான் அலைய வேண்டியதாயிற்று இல்லை. புளியோதரை என்பது ஒரு பெயர். உள்ளே சோறு வேறு, கடலை வேறு, மிளகாய் வேறு. அங்ஙனமே பாறை என்பது கூட்டு. அக்கூட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் கனிப்பொருள். கனிப்பொருளுக்குத் தனக்கெனத் திட்டமான சேர்க்கையும், அணுக்கள் அமைந்த ஒழுங்கும் உண்டு. பாறைக்கு அத்துணைத் திட்டம் இல்லை. இவ்வொன்றை மனத்தில் வாங்கிக்கொண்டவன் பூகர்ப்ப சாஸ்திரத்தின் வாயிற்படியைக் கடந்தவனாவன்.

வெயிலிற் சில்லை மெல்லத் திருப்பினால், தட்டையான சிறு முகங்கள் கண்ணாடித் துண்டுபோற் பளிச்சிடும், அவை பெல்ஸ்பார். பளிச்சிடாமல், உடைந்த புட்டியின் ஓரம்போல வளைந்து நீலம் பாய்ந்திருப்பன குவார்ட்சு. கொங்கு நாட்டுச் சிறுவர் ஒன்றோடொன்றை உரசித் தீப்பொறி காட்டி விளையாடும் வெள்ளை வெங்கச்சங்கல்லும் அப்பொருளே. கறுத்துப் பழுப்பேறிய மணிகள் ஹைபர்ஸ்தீன் என்பன. கறுப்புப் புள்ளிகளிற் சில காந்தத்துக்கு அசையும் இரும்புக்கனி. எழுதுகோல் சீவும் கத்தியால் இக்கல்லைக் கீறிப் பாருங்கள்: கல்லிற் கீறல் விழாது, கத்தியின் எஃகே கல்லின்மேற் கோடாகப் படியும். ஹைபர்ஸ்தீனின் அழகோ வெறுங் கண்ணுக்குப் புலப்படுவதன்று. கல்லை ஒளி ஊடுருவும்படி மெல்லிதாகத் தேய்த்து, அதற்குரிய உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துத் தட்டைச் சுழற்றினால், ஒரு நிலையில் இளஞ்சிவப்பாயிருந்த மணி மறு நிலையில் இளம்பச்சையாகிவிடும். முதன்முறை அதனைக் கண்டபோது தட்டை யான் எத்தனை முறை திரும்பத் திரும்பச் சுழற்றினேன் என்பது நினைவில்லை.

இப்பாறைக்குப் பெயர் வந்த வரலாறு விந்தையானது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஊழியராய் வங்காளத்தில் வாழ்ந்து பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மாண்ட ஜோப் சார்னோக் என்பாரின் கல்லறை, கல்கத்தாவில் அர்ச். யோவான் ஆலய முற்றத்தில் இருக்கிறது. வங்காளமோ வண்டல் நிலம். கல்லுக்கு எங்கே போவது? சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்துக் கல் அங்குக் கொண்டுபோகப்பட்டது. இருநூறாண்டு சென்றபின், பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையைச் சார்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893-ஆம் வருஷத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கல்லின் இனத்துக்குச் சார்னோக்கைட் என்று பெயரும் இட்டார். 1900-ஆம் வருஷத்தில் அவர் வெளியிட்ட பெருநூல் தென்னாட்டு மலைகளிற் பரந்து கிடக்கும் இப்பாறைக் குடும்பம் முழுவதையும் விவரித்தது. பல்லாவரம், பரங்கிமலை, நீலகிரி, சேர்வராயன் மலை எல்லாம் இக்குடும்பத்தின. இலங்கையிலும் நார்வேயிலும் பனி மூடிய தென்துருவக் கண்டத்திலும் இதனைக் கண்டவர்கள் இப்பெயராலேயே வழங்குகின்றனர். கல்கத்தாவை நிறுவியவர் சார்னோக்கே என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர்; 2003-ஆம் வருஷத்தில் அந்நகரத்து உயர்நீதி மன்றம் அங்ஙனங் கொள்ளுதல் தகாதென்று தீர்த்தது. நகரம் அவர் கையை விட்டுப் போயிற்று. நம் மலைக் கல் மட்டும் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது.

இக்கல்லின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அது பிறந்தவிடம் பூமிக்குள்ளே இருபது மைலுக்குச் சிறிது ஏறத்தாழ இருந்த ஆழம். ஆங்கிருந்த வெப்பம் 700, 800 பாகை சென்டிகிரேடு. உருகிய குழம்பாயிருந்து இறுகியதோ, முன்பே இருந்த பாறை வெந்து மாறியதோ என்பது பற்றி நூறாண்டாக அறிஞர் வாதாடினர்; இரு வகையும் உண்டென்பதே இப்போது பலருங் கொண்ட முடிவு. அத்துணை ஆழத்திற் கிடந்தது நம் கட்டுச்சோற்றுக்கு ஆசனமாயிற்றென்றால், அதன்மேல் இருந்த அவ்வளவு கல்லும் மழையாலும் காற்றாலும் அரிக்கப்பட்டுப் போயிருத்தல் வேண்டும். கிளியூர் அருவி அவ்வேலையின் இற்றைநாட் கூலியாள்.

பெயரைக் கேட்டு மயங்குவதற்கு மலையடிவாரத்திலேயே மற்றொரு சான்று உண்டு. சேலத்தினின்று ஓமலூர் நோக்கிச் செல்வோர் வழியில் வெண்மை படர்ந்த குன்றுகளைக் காண்பர். ஆங்கிலேயர் அவற்றைச் ‘சாக் ஹில்ஸ்’, அஃதாவது சாக்குக்கட்டி மலை, என்றனர். ஆனால் அங்கே சாக்கு ஓர் இம்மியும் இல்லை. சாக்கு என்பது கடலுயிர்களின் ஓடுகள் படிந்த சுண்ணாம்பு. இஃதோ மாக்னசைட், அஃதாவது மக்னீசியமும் கரியமிலமுஞ் சேர்ந்த பொருள். பூமியின் ஆழத்திலிருந்து வந்த கரும்பச்சைப் பாறை மாறி, அதன் வெடிப்புகளில் வெள்ளை நரம்புகளாக இஃது உண்டாயிற்று. இரண்டையும் வேறு பிரித்தறியப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. வயலிற் பொறுக்கிய சுக்கான்கல்லின்மேல் ஒரு துளி உப்புத் திராவகத்தை விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கும். மாக்னசைட்டின்மேல் விடுங்கள், கல் சும்மா இருக்கும். பொடியாக்கியோ திராவகத்தைச் சுடவைத்தோ விட்டால் அதுவும் நுரைக்கும். திராவகம் கிடையாதவர் சுக்கான்கற் பொடியில் எலுமிச்சஞ்சாறு பிழிந்து முதற்பாதியையேனும் காணலாம். ஒரு துளியிற் பொய்யாகிவிடும் பெயரைத் தேசப்படங்கள் பல தலைமுறையாகச் சுமந்தன. இரயில்வேக்காரர் மட்டும் பிழையின்றித் தம் நிலையத்துக்கு ‘மாக்னசைட் சந்திப்பு’ என்று பெயர் எழுதி வைத்தனர்! இக்கல்லைச் சுட்டுச் செய்யும் செங்கல் எஃகு உருக்கும் உலையின் உட்புறத்தைத் தாங்கி நிற்கும்.

கஞ்சமலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி மேற்செல்வேன். அங்குள்ளது காந்தக்கல். ஜோசையா ஹீத் என்பவர் 1830-ஆம் வருஷத்திற் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது, சேலத்துக் கனியை நம்பியே தொடங்கினார். ஆலை நிலைக்கவில்லை, எரிக்கும் கரிக்கு எத்தனை காடுதான் போதும்? அம்மலையின் அடியில் 1981-ஆம் வருஷத்தில் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையும் அம்மலைக் கனியை உருக்குவதன்று. துருப்பிடிக்காத எஃகைத் தகடாக்குவது. இதனை அறியாமல், “கஞ்சமலை இரும்புதான் அங்கே தகடாகிறது” என்று உறுதியாய்ச் சொல்வாரைப் பலமுறை கண்டிருக்கின்றேன்.

இனி, யான் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததன் காரணத்துக்கு வருகின்றேன். கல்லறிவு பூகர்ப்ப வகுப்பு மாணவர்க்கு மட்டும் உரியது, பிறர்க்கு அஃது எற்றுக்கு என்பது நம் கல்லூரிகளிற் பரவியிருக்கும் அபிப்பிராயம். இதனை யான் மறுக்கின்றேன். மறுப்பதற்கு ஆதாரம் மலையுச்சியிலேயே இருக்கிறது.

சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி, 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மேசைபோல் தட்டையாய்ப் பரந்தது. கிளியூரிற் கண்ட நீலக் கருங்கல் அங்கே கண்ணுக்குப் படாது. செம்மண்ணும், பட்டாணிபோன்ற உருண்டைகள் செறிந்த செந்நிறக் கட்டிகளுமே எங்கும் கிடக்கும். இவை வேறெங்கிருந்தோ வந்தன அல்ல, அக்கருங்கல்லே இவ்வாறாயிற்று. சரிவான இடத்தில் மழைநீர் ஓடிவிடும்; தட்டையான உச்சியிலோ நின்று உள்ளிறங்கும். இலை தழை மக்கிய புளிப்பும் வெம்மையுங் கூடிய அந்நீர் பெல்ஸ்பாரிலுள்ள சுண்ணத்தையும் சோடாவையும் பொட்டாஷையும் முதலிற் கரைத்தது. பின்னர் எளிதிற் கரையாத மணற்சத்தையும் கரைத்துக் கொண்டுபோயிற்று. கரையாது எஞ்சியவை அலுமினியச் சத்தும் இரும்புத் துருவும். இதன் பெயர் பாக்சைட். பிரான்சு தேசத்து லே போ என்னும் சிற்றூரில் முதலில் அறியப்பட்டமையால் 1821-இல் அவ்வூரை ஒட்டி இப்பெயர் எழுந்தது. சில அடிகள் தொடங்கிப் பல அடிகள் வரை கனமுள்ள இத்தொப்பி உண்டாக இலட்சக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்திருக்கிறது.

மேட்டூரில் மதராஸ் அலுமினியக் கம்பெனி 1965-ஆம் வருஷத்தில் உற்பத்தி தொடங்கியது. அதற்கு வேண்டிய பாக்சைட்டைச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் தோண்டி இறக்கினர். ஏறக்குறைய நான்கு டன் பாக்சைட் போனால் ஒரு டன் அலுமினியம் வரும். அதற்கும் மின்சாரம் வெள்ளம்போற் செலவாகும். 2008-ஆம் வருஷ முடிவில் அவ்வுருக்காலை நின்றது. தோண்டினது தவறென்று சொல்ல யான் வரவில்லை. நம் அடுக்களையிலுள்ள இட்டலிப் பானை அலுமினியமாயிருக்க, நாம் மட்டும் தூயவர்போற் பேசுவது அழகன்று. என் மனக்குறை வேறு. இவ்விஷயத்தைப் பற்றிப் படித்தவர்கள் பேசக் கேட்டிருக்கின்றேன். “பயனற்ற செம்மண்தானே, போனால் என்ன?” என்பார் ஒரு சாரார். “மலையையே வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள்” என்பார் மறு சாரார். இருவரும் பட்டம் பெற்றவர். இருவரும் கல்லை அறியாதவர். அது பயனற்ற மண்ணன்று. கடற்பஞ்சுபோல் துளை மிகுந்து மழைநீரை உள்வாங்கும் போர்வை, ஒருமுறை போனால் மனிதர் பஞ்சாங்கத்தில் திரும்பி வாராதது. மலையை எடுத்துப் போனதுமன்று. தொப்பியின் கீழே 250 கோடி ஆண்டுக் கருங்கல் அசையாதிருக்கிறது. எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும், எடுத்த இடத்தை எங்ஙனம் மூடி மரம் வைக்கவேண்டும் என்று கேட்க வேண்டிய வாய்கள், எடுக்கப்படும் பொருள் இன்னதென்று அறியாமையால் மூடியே இருந்தன. நாளைக்கு வேறொரு மலையைப் பற்றிக் குத்தகைக் கடிதம் வரும். கருங்கல் ஜல்லிக்கோ, கிரானைட் பலகைக்கோ, மற்றொன்றுக்கோ. அதன்மேற் கையெழுத்திடும் தாசில்தாரும் வாதாடும் வக்கீலும் செய்தி எழுதும் பத்திரிகைக்காரரும் இன்று நம் வகுப்புகளில் வரலாறும் வணிகமும் படித்துக்கொண்டிருக்கும் இளைஞரே அல்லரோ?

“தமிழில் இதற்கெல்லாம் சொல் உண்டா?” என்று சிலர் கேட்பர். சொல்லின்றி வாழ்ந்தவரல்லர் நம் முன்னோர். உளியால் தட்டி ஓசை கேட்டு, ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பிரித்துச் சிலைக்கும் பீடத்துக்கும் வேறு வேறு கல் எடுத்த சிற்பிகளின் நாடு இது. வெங்கச்சங்கல், சுக்கான்கல், காக்காப்பொன், காந்தக்கல், செம்பாறாங்கல் என்று கைக்குப் பழகிய சொற்கள் மக்களிடம் உண்டு. அவை போதா என்பது மெய்யே. ‘கருங்கல்’ என்னும் ஒரு சொல்லுக்குள் நான்கைந்து பாறைகளை அடைத்து வைத்திருக்கிறோம். போதாதவிடத்தில் ஹைபர்ஸ்தீனை ஹைபர்ஸ்தீன் என்றே சொல்வோம். அதனால் நாக்கு வெந்துபோகாது. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உடற்கூறும் மருத்துவமும் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கினார். கல்லுக்கு மட்டும் தமிழ் தடித்துவிடுமோ?

இவ்விடத்தில் ஏற்காட்டிலேயே வாழ்ந்த ஒருவரை நினையாதிருத்தல் கூடவில்லை. ராபர்ட் புரூஸ் பூட் 1858-இல் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையிற் சேர்ந்தவர். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி பல்லாவரத்தில் சரளைக் குழியொன்றில் மனிதன் கையாற் செதுக்கிய கற்கோடரி ஒன்றை எடுத்து, இந்நாட்டில் பழைய கற்கால மக்கள் வாழ்ந்தமையை உலகுக்கு நிறுவினார். அதே பல்லாவரம், சார்னோக்கின் கல்லறைக்குக் கல் தந்த பல்லாவரம்! எத்தனையோ பேர் மிதித்துச் சென்ற சரளை அது. குனிந்து பார்த்தவர் அவர் ஒருவரே. மறு வருஷம் வில்லியம் கிங்கும் அவருஞ் சேர்ந்து சேலம், திருச்சினாப்பள்ளிப் பகுதிகளின் பாறையமைப்பைப் பற்றிய நூலை வெளியிட்டனர். உத்தியோகத்தினின்று விலகியபின் ஏற்காட்டை இருப்பிடமாகக் கொண்டு, வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகளை 1904-இல் சென்னை அருங்காட்சிசாலைக்குக் கொடுத்தார். 1912-இல் மறைந்தார், அவருடைய நினைவிடம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. படகோட்ட வருவார் எத்தனை ஆயிரவர். அந்நினைவிடத்தை வினவுவார் எத்துணையர்? அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் என்பவர், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-இல் அச்சிட்டவர். மாமனார் சொல்லைப் பொறுக்கினார், மருமகனார் கல்லைப் பொறுக்கினார். இரண்டும் தெருவிற் கிடந்தவையே.

யான் கேட்பது பெரிதன்று. எப்பிரிவு மாணவராயினும் முதலாண்டில் ஒரு நாள் கிளியூருக்கோ, ஊருக்கு அருகிலுள்ள கரட்டுக்கோ அழைத்துச் செல்லப்படட்டும். ஒரு சுத்தி, ஒரு கத்தி, ஒரு காந்தத் துண்டு, தேய்த்துப் பொடியின் நிறம் பார்க்க மெருகிடாத ஓர் ஓட்டுச்சில்லு, சிறு புட்டியில் நீர் கலந்த திராவகம்: இவ்வளவே செலவு. திராவகத்தை ஆசிரியர் கையில் வைத்துக்கொள்வது நலம். சட்டையில் ஓட்டை விழுந்தபின் வருந்துவதிற் பயனில்லை. பெயரை முதலிற் சொல்லிவிடலாகாது. கல்லை அவர்களே வினவி, கல் தந்த விடையை அவர்களே எழுதியபின்னரே பெயர் சொல்லப்படல் வேண்டும்.

சென்ற ஆண்டு மாணவர் எண்மர் இம்முறையில் ஒரு பெட்டி சேர்த்தனர். அறைகள் பன்னிரண்டே, எல்லாம் இம்மலையிலும் இதன் அடிவாரத்திலும் பொறுக்கியவை. ஒவ்வொன்றின்மேலும் தமிழில் எழுதிய சீட்டு உண்டு. மூன்றாம் அறைக்கு மட்டும் இன்னும் சீட்டு ஒட்டப்படவில்லை. ‘சார்னோக்கைட்’ என்றே இருக்கட்டும் என்கின்றனர் நால்வர். ‘நீலக் கருங்கல்’ என்கின்றனர் மூவர். எட்டாமவர், கல்லுடைக்கும் பெரியவரையே கேட்டு வருகின்றேன் என்று சொல்லிக் கிளியூருக்குச் சென்றிருக்கிறார்.